வேலியைப் பாடிய துணி
காவற்புகழ் கூறும் பதாகைகள் பற்றிய ஒரு நோக்கு

பந்தை வலைக்குள் உதைத்தவனைப் புகழ்வதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. கோல் விழுந்த கணத்திலே ஆடுகளத்தைச் சுற்றி நிற்போர் அனைவரும் புலவராகிவிடுகின்றனர். ஆயின், பந்து வலைக்குட் புகாதவாறு தொண்ணூறு நிமிடமும் காத்து நின்றவனைப் புகழ்வது எங்ஙனம்? அவன் உழைப்பின் பயன் கண்ணாற் காணத்தக்க ஒரு நிகழ்ச்சியாக நமக்குக் கிடைப்பதில்லை; நிகழவிருந்த ஒன்று நிகழாமற் போயிற்று என்பதே அவன் ஈட்டிய பயன். நிகழாத ஒன்றுக்குச் சொல் தேடுதல் நல்ல கவிஞர்க்கும் அரிய பணியாகும். இவ்வரிய பணியை மேற்கொண்ட சில துணிகளை, அஃதாவது உதைபந்தாட்ட அணியொன்றின் பின்காப்பாளரைப் போற்றும் பொருட்டு ஆதரவாளர் தம் கையால் எழுதித் தூக்கிய பதாகைகளை, இக்கட்டுரையிலே ஆராய முற்படுகின்றேன்.

பதாகை திறனாய்வுக்குரிய பொருளாகுமோ என ஆசிரிய நண்பர் சிலர் வினவக்கூடும். கொடிகளைப் பாடுவதிலே நம் முன்னோர் வேறுபாடு பாராட்டியவரல்லர். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்குமிடத்துத் தெய்வத்துக்கு எடுத்த கொடியையும், வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் உயர்த்திய கொடியையும், நங்கூரமிட்ட கலங்களிலே ஆடிய கொடியையும், கள் விற்போர் வாயிலிலே கட்டிய கொடியையும் ஒருங்கே வைத்துப் பாடினார். நகரத்தின் உயிர்ப்பு எங்கெங்கு அசைந்ததோ அங்கெல்லாம் அவர் கண் சென்றது. மேலும், அயல்நாட்டார் ஆக்கங்களைத் தமிழ் இலக்கண நெறிநின்று நோக்கும் மரபும் நமக்குப் புதிதன்று. திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலானந்தர் 1926ஆம் ஆண்டிலே வெளிவந்த தமது மதங்கசூளாமணியில், சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார். அப்பெருமகனார் காட்டிய வழியிலே ஓர் ஆங்கிலத் துணியெழுத்தைத் தமிழ்ப் புறத்திணை கொண்டு அளக்கத் துணிகின்றேன். அளவு சிறிதாயினும் கோல் அதுவே.

முதலிலே அவ்வளவுகோலை நோக்குவோம். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை போரைப் பகுத்த முறை சிந்திக்கத்தக்கது. பகைவர் ஆநிரையைக் கவர்வோர் வெட்சி சூடுவர். அதனை மீட்போர் கரந்தை சூடுவர். மண்ணைக் கொள்ள மேற்செல்வோர் வஞ்சி சூடுவர். எதிர்நின்று காப்போர் காஞ்சி சூடுவர். மதிலை வளைப்போர் உழிஞை சூடுவர். மதிலின் அகத்தே நின்று காப்போர் நொச்சி சூடுவர். மூன்று இணைகளிலும் தாக்குவோர்க்கு ஒரு பூவும் காப்போர்க்கு ஒரு பூவும் வகுக்கப்பட்டுள்ளமை காண்க. தொல்காப்பியர் நொச்சியைத் தனித்திணையாக்காது உழிஞையுள் அடக்கினார். பின்வந்த இலக்கணத்தார் அதனைப் பிரித்துத் தனிப்பெயர் தந்தனர். காவலும் தாக்குதலை ஒத்த தனி வீரமே என்னும் உணர்வு அப்பகுப்பினுள்ளே இருக்கின்றது.

எனினும், இலக்கணம் இடம் கொடுத்த அளவுக்கு இலக்கியம் இடம் கொடுத்திலது. புறநானூற்றிலே நொச்சித் திணைக்கு உரியனவாகக் கிடைப்பவை மிகச் சில. அவற்றுள் 271ஆம் பாட்டும் 272ஆம் பாட்டும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. மோசிசாத்தனார் பாடிய 272ஆம் பாட்டு நொச்சி மரத்தையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. இளமகளிர் இடையிலே தழையாகக் கிடப்பதும் நொச்சி. ஊரைக் காக்கும் வீரன் தலையிலே கண்ணியாக ஏறுவதும் நொச்சி. வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய 271ஆம் பாட்டிலோ, முன்பு மகளிர் அணிந்து கண்டிருந்த அதே நொச்சி, வீழ்ந்த வீரனின் குருதியிலே தோய்ந்து உருமாறிக் கிடக்க, ஊனென மயங்கிய பருந்து அதனைக் கொண்டெழுகின்றது. இவ்விரு புலவரும் மதிலைப் பாடவில்லை என்பதே நாம் கருத்திற் கொள்ளவேண்டியது. கல்லின் உயரத்தையும் அகழியின் ஆழத்தையும் விடுத்து, காப்பவன் தலையிலிருந்த ஒரு செடியைப் பாடினர். அச்செடி அவன் ஊர்ப்புறத்திலே, அவன் வீட்டுப் பெண்கள் கொய்யும் இடத்திலே வளர்வது. எதைக் காக்கின்றான் என்பதையும் யார் காக்கின்றான் என்பதையும் அச்சிறு பூ ஒருங்கே உணர்த்திவிடுகின்றது. காவற்புகழ் பாடுவோர்க்கு இதுவே அளவுகோல் என்று கொள்வேன்.

இனி, பதாகைக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் உரோம் நகரிலே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகமும் மேற்கு ஜேர்மனியின் பொருசியா மொன்சன்கிளாட்பாக் கழகமும் மோதின. லிவர்பூல் அணியின் முன்வரிசையிலே கெவின் கீகன் போன்ற பெரும்புகழ் படைத்தோர் இருந்தனர். ஆயின், அன்று அரங்கிலே உயர்ந்து, இன்றளவும் பேசப்படும் பதாகை அவரைப் பாடியதன்று. இடப்பக்கத்துப் பின்காப்பாளராகிய ஜோயி ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞரைப் பாடியது. அவர் இரெக்சம் கழகத்திலிருந்து 1975ஆம் ஆண்டு லிவர்பூலுக்கு வந்தவர். சிறுவயதிலே அதே கழகத்தின் ஆதரவாளராய் நின்று ஆரவாரித்தவர். நுட்பத்தினும் ஊக்கத்தாற் பெயர் பெற்றவர். ஆதரவாளர் தம்முள் ஒருவரை அவரிடத்திலே கண்டனர்.

அப்பதாகையின் பொருளைத் தமிழிலே உரைப்பின், ஜோயி தவளைக்காலைத் தின்றான், சுவிஸ்காரரை உருட்டினான், இப்போது கிளாட்பாக்கைக் கொறித்துக்கொண்டிருக்கின்றான் என்பது. இங்ஙனம் உரைத்தமாத்திரத்தே அதன் சுவையிற் பாதி போய்விடுகின்றமையின் விளக்கம் வேண்டும். அவ்வாண்டுப் போட்டியிலே லிவர்பூல் காலிறுதியில் பிரான்சு நாட்டுச் சென் எத்தியென் கழகத்தை வென்றது. முதல் ஆட்டத்திலே 0-1 எனத் தோற்று, மார்ச் 16ஆம் நாள் தன் களத்திலே 3-1 என மீண்டது. தவளைக்கால் பிரெஞ்சுக்காரரின் உணவென ஆங்கிலேயர் நகையாடுவது வழக்கம். அரையிறுதியிலே சுவிற்சர்லாந்தின் சூரிச் கழகத்தை 3-1, 3-0 என இருமுறையும் வென்றது. சுவிஸ் ரோல் என்பது நம்மூர் வெதுப்பகங்களிலும் விற்கும் சுருட்கேக்கு. அப்பெயரை இரண்டாகப் பிரித்தால், சுவிஸ்காரரைச் சுருண்டு உருளச் செய்தான் என ஆங்கிலத்திலே வேறொரு பொருள் பிறக்கும். மூன்றாவதாக, மொன்சன் என்னும் ஊர்ப்பெயரின் முற்பகுதி, கொறித்தல் எனப் பொருள்படும் மன்சிங் என்னும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் நெருங்குகின்றது. பகைவர் மூவர், உணவு மூன்று, உண்பவன் ஒருவன். நம் இலக்கணத்தார் சிலேடை என்று கூறுவது இதுவே. பிரிமொழிச் சிலேடையும் இதனுள் அமைந்துள்ளது.

இத்துணியெழுத்தின் சிறப்பாக நான் கருதுவன மூன்று.

முதலாவது, காலம். முதலிரண்டு உறுப்பும் இறந்தகாலத்தன, மூன்றாவது நிகழ்காலத்தது. பதாகை எழுதப்பெற்றபோது இறுதியாட்டம் தொடங்கவுமில்லை. வென்றான் என எழுதியிருப்பின் அது பொய்யாகக்கூடும்; வெல்வான் என எழுதியிருப்பின் வெறும் விருப்பமாக நின்றிருக்கும். கொறித்துக்கொண்டிருக்கின்றான் என்றமையால், அரங்கிலே ஆட்டம் நடக்கும் அத்தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும் முழு உண்மையாகும் ஒரு வாக்கியம் கிடைத்தது. தான் தூக்கப்படும் நேரத்தை அறிந்து எழுதப்பட்ட எழுத்து அது.

இரண்டாவது, உருவகம். காப்பாளனைப் பற்றிப் பேசுவோர் தடுத்தான், மறித்தான், அடைத்தான் என்று எதிர்மறை வினைகளையே நாடுவர். இப்பதாகையோ அவனை விருந்துண்பவனாக்கிற்று. தன்னை நோக்கி வருவோரை ஒருவர்பின் ஒருவராகத் தின்று தீர்க்கும் பசி அவனுக்குக் கொடுக்கப்பட்டது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலே களத்தில் வீழ்ந்தோரைக் கொண்டு பேய்கள் கூழடும் காட்சியை நாம் அறிவோம். வெற்றியைச் சமையலாகக் காணும் கற்பனை நமக்குப் பழையதே. அதே கற்பனை இங்குக் குருதியின்றி, தவளைக்காலும் கேக்கும் கொண்டு, சிரிப்புக்குரியதாக வந்துள்ளது.

மூன்றாவது, உண்மையோடு அதற்குள்ள உறவு. அன்று லிவர்பூல் 3-1 என வென்றது. முதற் கோலை மக்டெர்மொட் அடித்தார். கிளாட்பாக்கின் சிமொன்சன் சமன் செய்தார். பின்னர் தொம்மி சிமித் தலையால் முட்டி ஒன்றும், பில் நீல் தண்டனை உதையால் ஒன்றும் பெற்றுத் தந்தனர். சிமித்தும் நீலும் பின்காப்பாளர். மூன்று கோல்களுள் இரண்டைக் காப்போரே அடித்த அவ்வாட்டத்திலே ஜோன்ஸ் கோல் எதனையும் அடித்தாரில்லை. ஆகவே, பதாகை கூறியது புனைந்துரை. ஆயின் பாடாண் திணையிலே ஒருவனைப் பாடும்போது அவன் படை முழுவதும் அவன் பெயருள் அடங்குதல் போல, ஜோயி என்னும் ஒரு பெயர் பின்வரிசை முழுவதற்கும் ஆகுபெயராய் நின்றது. புகழ் குறைந்த ஒருவரைத் தலைவராக்கியமையால் அப்புகழ் பொதுவாயிற்று. கீகன் பெயரை எழுதியிருப்பின் அது கீகனோடு நின்றுவிட்டிருக்கும்.

இதனோடு ஒப்பிடற்குரிய வேறிரு புகழ்ப்பெயர்கள் உள. அமெரிக்கர் தம் நாட்டிலே உதைபந்தாட்டம் எனப் பெயரிட்டு ஆடுவது வேறோர் ஆட்டம். அதிலே பிற்சுபேர்க்கு நகரத்து இசுரீலர்சு அணியின் 1970களின் காவல்வரிசை எஃகுத்திரை என அழைக்கப்பட்டது. ஜோ கிரீன் முதலிய நால்வர் அதன் முன்னணி. 1976ஆம் ஆண்டுப் பருவத்திலே கடைசி ஒன்பது ஆட்டங்களிலும் சேர்த்து அவ்வணி எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை 28 புள்ளிகளே. அவற்றுள் ஐந்து ஆட்டங்களில் ஒரு புள்ளியும் இல்லை. அந்நகரம் எஃகு உருக்கும் நகரம். இரும்புத்திரை என்னும் சொல்லோ சேர்ச்சில் 1946ஆம் ஆண்டிலே ஆற்றிய உரையால் உலகெங்கும் பரவியது. ஊர்த்தொழிலும் உலகச் செய்தியும் ஒரு சொல்லிலே பொருந்தியமை பாராட்டுக்குரியது. மற்றொன்று நமக்கு அண்மையது. கொல்கத்தாவின் மோகன் பாகன் கழகத்துப் பின்காப்பாளர் கோஷ்ட பால் (1896–1976), வெறுங்காலோடு நின்று சப்பாத்தணிந்த ஆங்கிலேய அணிகளைத் தடுத்தவர். அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்றனர். 1962ஆம் ஆண்டிலே இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியபோது, அதனைப் பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவரே.

இரண்டும் வலிய பெயர்களே. ஆயினும் அவற்றிலே ஒரு குறை உண்டு. திரைக்கும் சுவருக்கும் முகமில்லை. அவை சோர்வதில்லை, தவறு செய்வதில்லை, அஞ்சுவதுமில்லை. வெறுங்கால் மனிதர் ஒருவர் இரும்பாணி தைத்த சப்பாத்தின்முன் காலை நீட்டினார் என்பதிலேதான் வீரம் இருக்கின்றது. அவரைச் சுவரென்று சொன்னவுடன் அந்தக் கால் மறைந்துவிடுகின்றது. சுவருக்கு நோவில்லையன்றோ? மதிலை விடுத்து நொச்சியைப் பாடிய புலவரின் நுட்பம் இவ்விடத்திலே நன்கு விளங்கும். ஜோயியின் பதாகை அவனுக்கு ஒரு பெயரும் ஒரு வாயும் ஒரு பசியும் தந்தது. ஆகவே அளவுகோலுக்கு அதுவே அண்மையில் நிற்கின்றது.

அவ்வளவுகோலை இன்னும் நெருங்கிய ஒரு துணியை நான் கண்டதுண்டு. அஃது எம்மூரிலேயே எழுதப்பெற்றது.

நிலாவெளி கடலுக்கும் உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் இடைப்பட்ட ஊர். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பித்த மாணவர் சிலர் பாடசாலைகளுக்கிடையிலான ஓர் ஆட்டத்துக்காகப் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றை எடுத்து, வீட்டுக் கதவுக்குப் பூசி எஞ்சிய எனாமல் பூச்சினால் ஒரு பதாகை எழுதினர். எங்கள் அணியிலே கோலடிப்போர் குறைவு. காப்போர் நால்வரும் திறமையானவர். ஆகவே மாணவர் எழுதியது, "நிலாவெளிக்கு நால்வர் வேலி" என்பது. வெளி என்னும் சொல்லின் முதலெழுத்து நீண்டு, ளகரம் லகரமானால் வேலி. திறந்து கிடக்கும் நிலத்தையும் அதனைக் காக்கும் அரணையும் ஒரு மாத்திரையும் ஓர் எழுத்துமே பிரிக்கின்றன. இதனை எழுதிய பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அலங்கார இலக்கணம் தெரியாது. வீட்டு வேலி தெரியும்.

எழுத்தின் கீழே அவன் வரைந்திருந்த படமே பெரிதும் என்னை ஈர்த்தது. நான்கு கதியால்கள், அவற்றிலே 2, 3, 4, 5 என ஆட்டக்காரரின் இலக்கங்கள், இடையே கட்டிய கிடுகு. கதியால்களின் நுனியிலே பூவரசந் துளிர்கள். நம்மூர் வேலியை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளக்க வேண்டுவதில்லை. மழைக்கு முன் நாட்டிய கதியால் வேர்விடும், துளிர்க்கும், ஆண்டுக்கொருமுறை கிடுகு மாறினும் கதியால் மரமாகி நிற்கும். வெட்டியதும் செத்ததென்று நினைத்த தடி உயிர் பெற்றுக் காவல் செய்கின்றது. எஃகுத்திரைக்கும் சீனச்சுவருக்கும் வாய்க்காத உயிர் இக்கதியாலுக்கு வாய்த்தது. நொச்சியைப் போலவே இதுவும் ஊர்ச் செடி. மோசிசாத்தனாரைப் படியாத சிறுவன் அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தான்.

அன்றைய ஆட்டத்தின் முடிவையும் கூறவேண்டும். அது திறனாய்வுக்குப் புறம்பானதன்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது, எதிரணியார் உதைத்த பந்தை வெளியே தள்ள முயன்ற 3ஆம் இலக்க மாணவன் அதனைத் தன் வலைக்குள்ளேயே செலுத்திவிட்டான். நாங்கள் தோற்றோம். எதிர்ப்பக்கத்திலிருந்து உடனே எழுந்த முழக்கம், "வேலியே பயிரை மேய்ஞ்சு போட்டுது!" என்பது. பழமொழியொன்று அத்தனை பொருத்தமாக ஆளப்பட்டதை நான் பின்னர் எங்கும் கேட்டதில்லை. பதாகையின் சொல்லையே பறித்து அதன்மேல் எறிந்த அந்தப் பெயரறியாத மாணவனுக்கும் இலக்கியத்திலே பங்குண்டு. மறுமொழிக்கு இடம் தருவது பதாகையின் இயல்பு. புத்தகத்தின் முன்னே எவரும் நின்று கத்துவதில்லை.

அன்று மாலை அம்மாணவன் துணியைக் கிழிக்க முனைந்தான். எழுதியவன் விடவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அதே துணி வந்தது. எழுத்தும் படமும் மாறவில்லை. ஆயின், 3 என்னும் இலக்கமிட்ட கதியாலின் அடியிலே ஒரு சிறு ஆடு புதிதாக வரையப்பட்டிருந்தது. அது கழுத்தை நீட்டித் துளிரைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டைக் கண்டு முதலிற் சிரித்தவன் 3ஆம் இலக்கத்து மாணவனே. தவறு செய்தவனை வேலியிலிருந்து பிடுங்கியெறியாமலும், தவற்றை மறைக்காமலும், இரண்டையும் ஒரே துணியிலே வைத்துக்கொண்ட அவ்வறிவு எனக்கு வியப்பளித்தது. எம் வகுப்பறைகளிலே நாம் கற்பிக்க விரும்பியும் பல நேரங்களிலே கற்பிக்கத் தவறுவது அதுவேயன்றோ?

ஈண்டு ஒரு மறுப்பையும் எண்ணிப்பார்த்தல் நேர்மையாகும். வேலி என்பது எம்மவர்க்கு எப்பொழுதும் இனிய சொல்லன்று. முள்வேலியின் உட்புறத்தே வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழித்தோர் இம்மண்ணிலே பலர். உதைபந்தாட்ட வரலாற்றிலும் அச்சொல்லுக்கு இருண்ட பக்கம் உண்டு. ஜோயியின் பதாகையைத் தூக்கிய அதே லிவர்பூல் ஆதரவாளர் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் செபீல்டு நகரின் இல்சுபரோ அரங்கிலே நெருக்கடிக்குள்ளாகினர். களத்தைச் சுற்றி எழுப்பியிருந்த இரும்புவேலி வெளியேற வழிவிடாமையால் நசுங்கி, ஈற்றிலே 97 பேர் உயிர் துறந்தனர். அதன்பின் நடைபெற்ற நீதிபதி தெயிலரின் விசாரணையைத் தொடர்ந்து அத்தகைய வேலிகள் இங்கிலாந்தின் அரங்குகளிலிருந்து அகற்றப்பட்டன. நகையாடிய பதாகைகளைத் தூக்கியோர் பின்பு அந்த 97 பேரை நினைவுகூரும் பதாகைகளைத் தூக்கினர். ஆகவே, வேலி யாருக்காக, யாரால், எந்தப் பக்கத்திலிருந்து நாட்டப்பட்டது என்று கேளாமல் அச்சொல்லைப் புகழ்ச்சிக்குக் கொள்ளலாகாது. தன் தோட்டத்தைக் காக்க உழவன் நாட்டும் கதியாலுக்கும் மனிதரை அடைக்கப் பிறர் இழுக்கும் கம்பிக்கும் உள்ள தொலைவு பெரிது. மாணவன் துளிரை வரைந்தமையால் அவன் கருதிய வேலி எதுவென்பது ஐயமற விளங்கியது.

அதுபோன்றே ஜோயியின் பதாகையிலும் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. தவளைக்காலைச் சொல்லி ஓர் இனத்தாரை நகையாடுதல் அங்கு விளையாட்டாகக் கொள்ளப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடற்கரையிலே பந்து விளையாடும் எம் மாவட்டத்திலே, பிறர் உண்ணும் உணவைப் பற்றிய நகை எத்தகைய தீயை மூட்டவல்லது என்பதை அறிந்தோர் அறிவர். ஆங்கிலத் துணி மூன்று நாட்டாரைத் தின்று சிரித்தது. எம் மாணவரின் துணி எவரையும் தொடாமல், தன் வேலியை மேயும் ஆட்டைத் தானே வரைந்து சிரித்தது. சொற்றிறத்திலே முன்னது மிக்கது. பண்பாட்டிலே பின்னதற்கே என் வாக்கு.

இனி, இத்துணிகளுக்குப் பின்னர் நேர்வது யாது? ஜோயியின் பதாகை ஜோன்சின் கைக்கே வந்து சேர்ந்தது. பின்னர்க் கழகத்தின் நூதனசாலையிலும் காட்சிக்கு வைக்கப்பெற்றது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமது எழுபதாம் வயதிலே அவர் காலமானபோது, அவர் ஆடிய ஆட்டங்களுக்கு இணையாக அத்துணியும் நினைவுகூரப்பட்டது. பிற்சுபேர்க்கிலோ வேறொரு வழி தோன்றிற்று. 1975ஆம் ஆண்டின் இறுதியிலே வானொலி வருணனையாளர் மைரன் கோப் அறிமுகப்படுத்திய மஞ்சட் துவாய், ஆலையிலே அச்சிட்டு விற்கப்பட்டு ஆதரவாளர் கைதோறும் சுழன்றது. 1996ஆம் ஆண்டிலே அதன் உரிமையை அவர் அறிவுவளர்ச்சி குன்றியோரைப் பராமரிக்கும் பாடசாலையொன்றுக்கு வழங்கிவிட்டார். விற்பனையிலும் அறம் இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அத்துவாய் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கும். கையால் எழுதிய பதாகை உலகிலே ஒன்றே. இவ்வொருமையே சேகரிப்போரை அதனிடம் ஈர்க்கின்றது.

எம் துணியும் அந்நிலைக்கு உள்ளாயிற்று. கடற்கரை விடுதியிலே தங்கியிருந்த அயல்நாட்டார் ஒருவர் மாணவரின் ஆட்டத்தைப் பார்க்க வந்து, ஆட்டை வரைந்த அப்பதாகையை விலைக்குக் கேட்டார். அவர் தருவதாகச் சொன்ன தொகைக்கு நல்ல பந்துகள் இரண்டு வாங்கலாம். எங்களிடம் அப்போதிருந்த பந்து தையல் விட்டது. கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. அதனை மாணவரிடம் கூறியுமிருந்தேன். அவர்கள் மைதானத்து ஓரத்திலே வட்டமாக அமர்ந்து பேசினர். வேண்டாமென்று முதலிற் சொன்னவன் தன் தவற்றின் சின்னத்தை அத்துணியிலே சுமந்த 3ஆம் இலக்கத்து மாணவன். "சேர், ஆடும் எங்கட ஆடுதானே" என்றான். அதற்குமேல் எனக்கு வாதம் இருக்கவில்லை. வந்தவரும் முகங்கோணாது, படமொன்று எடுத்துக்கொண்டு விடைபெற்றார்.

அன்று நான் தவறாக எண்ணியதன் காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். கையிலிருக்கும் பொருளைக் காப்பது ஒரு செயல் என்பதை நான் மறந்திருந்தேன். இளமையிலே நான் ஆடிய அணிக்கும் ஒரு பதாகை இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் இக்கரையிலே கொண்டுபோனவற்றுள் அதுவும் ஒன்று. உயிர்களை இழந்த ஊரிலே துணியொன்றுக்காக எவரும் அழவில்லை, அழுவது முறையுமன்று. ஆயின், அதிலே என்ன எழுதியிருந்தது என்று இன்று எம்முள் நால்வரைக் கேட்டால் நால்வரும் நான்கு வகையாகச் சொல்வோம். எழுத்து அழிந்ததன் பின் நினைவும் மெல்ல மெல்லத் தன் கரையை இழக்கின்றது.

இக்காலத்திலே வேறோர் அழிவும் நேர்கின்றது. தமிழ்நாட்டிலே சட்டத்திலே துணியை இழுத்துக்கட்டி, பசை பூசி, கட்டமிட்டுச் சிறு படத்தைப் பெருக்கி, எண்ணெயிலே குழைத்த நிறங்களால் திரைப்படப் பதாகை வரைந்த ஓவியர் பலர் இருந்தனர். கணினியில் அச்சிடும் நெகிழித் துணி பரவியபின் அத்தொழில் பெரும்பாலும் மறைந்தது. நம் பாடசாலைகளிலும் அவ்வாறே. ஒருமுறை, மாணவர் எழுதிய துணியை அழகில்லை என அகற்றிவிட்டு, அனுசரணையாளரின் முகங்கள் பெரிதாகவும் ஆட்டக்காரரின் பெயர்கள் சிறிதாகவும் அச்சிட்ட நெகிழித் துணியைக் கட்டிய விழாவொன்றை நான் கண்டேன். அச்சுப் பிழையின்றி இருந்தது. ஆட்டைப் போன்ற ஒன்று அதிலே பின்னர்ச் சேர்க்க இடமில்லை. கை எழுதியதைக் கை திருத்தலாம். பொறி அச்சிட்டதை வீசிவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டும்.

ஆகவே, கல்லூரிகளிலுள்ள ஆசிரியரிடத்தும் பழைய மாணவரிடத்தும் ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகின்றேன். கேடயங்களுக்கும் கிண்ணங்களுக்கும் கண்ணாடிப் பேழை வைத்திருக்கின்றோம். மாணவர் கையால் எழுதிய பதாகைகளுக்கும் அலுமாரியிலே ஒரு தட்டு ஒதுக்குதல் பெரிய செலவன்று. எனாமல் பூச்சு மடிப்பிலே வெடித்து உதிரும். ஆதலின் துணியை மடியாது ஒரு குழாயிலே சுற்றி, இடையே மெல்லிய பருத்தித் துணி வைத்து, உப்புக்காற்றுப் படாத இடத்திலே வைத்தல் நலம். எழுதிய நாளும் ஆட்டமும் எழுதினோர் வகுப்பும் ஒரு சிறு தாளிலே குறித்துவைத்தல் வேண்டும். எதிரணி சொன்ன மறுமொழியையும் அதிலே குறிப்பின் இன்னும் நன்று.

நொச்சி சூடி நின்றோரின் மதில்களுள் இன்று எஞ்சியவை எவை? அவர் தலையிலிருந்த பூவைப் பாடிய பாட்டுகள் எஞ்சின. அவற்றை ஓலையிலே பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதி யாரோ காத்தமையாலேயே அவை எஞ்சின. அங்ஙனம் காத்தோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் பின்வரிசையில் நின்றவர்களே. நால்வர் வேலி எழுதிய துணி இப்போது எம் பாடசாலை விளையாட்டு அறையிலே, காற்றுப் போன பந்தொன்றின் அருகில், குழாயிலே சுற்றப்பட்டுக் கிடக்கின்றது. ஆண்டுக்கொருமுறை அதனை விரித்து வெயில் காட்டுகின்றோம். விரிக்கும்போதெல்லாம் புதிய மாணவர் சிலர் ஆட்டைச் சுட்டிக்காட்டி, இது ஏன் இங்கே நிற்கின்றது என்று கேட்கின்றனர். முதல் ஆட்டத்திலிருந்து கதையைச் சொல்லத் தொடங்குகின்றோம்.